பாப்பாவுக்கு, லெவிட்டவுன் முகவரிக்கு

திருநகர், மதுரை
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் நலமா? கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் இந்தத் தடவை அந்தக் கேள்விக்கு எனக்கு நிஜமாகவே பதில் வேண்டும்.

மூன்று ஞாயிறாக நீ பேசவில்லை. போன் வராமல் இல்லை, வருகிறது. குட்டி வருகிறான், டைனோசரைக் காட்டுகிறான், சோபாவில் தலைகீழாகத் தொங்குகிறான். "தாத்தாகிட்ட ஏ பி சி சொல்லு" என்று உன் குரல் கேட்கிறது. ஓரத்தில் உன் கை தெரிகிறது. முகம் எங்கே என்று கேட்பதற்குள் "சரிப்பா, இவனுக்குத் தூக்கம் வருது" என்று வைத்துவிடுகிறாய். அங்கே அப்போது காலை பத்து மணி. எனக்குக் கணக்கு வராதுதான், ஆனால் அந்த அளவுக்கு வரும்.

குறை சொல்ல எழுதவில்லை. உன் அம்மாதான், "போன்ல கேக்காதீங்க, எழுதுங்க" என்றாள். எதைக் கேட்பது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர்ச் செய்தி. மழை நல்ல மழை, நிலையூர்க் கண்மாய் நிரம்பிவிட்டது. அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் மாறியிருக்கிறது. உன் பெரியப்பா மேல் வீட்டுக்கு ஒருவழியாக ஆள் வைத்துவிட்டார். என்ன விசாரித்து வைத்தார் என்று உனக்கே தெரியும், எழுத வேண்டாம். செல்வி மகளுக்கு நிச்சயம் முடிந்தது. பையன் வீட்டில் பெண்ணை வேலையை விடச் சொன்னார்களாம், செல்வியும் சரி என்றுவிட்டாளாம். அதைச் சொல்லத்தான் வீடு வரைக்கும் வந்தாள், பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னாள். உன் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். செல்வி கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரண்டாவது கார் ஒன்று வாங்க வேண்டும். பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை. என் எஃப்.டி. ஒன்று தை மாதம் முதிர்கிறது, அதை அனுப்புகிறேன். மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், எடுத்துக்கொண்டாலும் நான் பேசிக்கொள்கிறேன்.

ஏன் கார் என்று கேட்பாய். நீ இருக்கும் ஊர் கார் இருக்கிற ஆளுக்காகக் கட்டிய ஊர். இதை முப்பது வருஷம் பாடம் நடத்திய வாயால் சொல்கிறேன். எம்.ஏ.வுக்கு யூ.எஸ். ஹிஸ்டரி பேப்பரை யாரும் எடுக்க மாட்டேன் என்றபோது என் தலையில் கட்டினார்கள். லெவிட்டவுன் என்று கரும்பலகையில் எழுதுவேன், பின் பெஞ்சில் ஒருவனாவது கொட்டாவி விடுவான். அந்த ஊரிலேயே என் மகள் குடியிருப்பாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதல் லெவிட்டவுன் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயலில். 1947. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் அந்த நாட்டில் யாரும் பெரிதாக வீடு கட்டவில்லை. முதலில் பஞ்சம் மாதிரி மந்தம், அப்புறம் இரண்டாம் உலகப் போர். சீருடை போட்டவர்கள் மட்டும் 1.6 கோடிப் பேர். திரும்பி வந்த பையன்களுக்குக் கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குடியிருக்க இடம் இல்லை. சிகாகோவில் ஓடி ஓய்ந்த டிராம் பெட்டிகளை வீடாக்கிக்கொள்ளச் சொல்லி விற்றார்கள். ஜி.ஐ. பில் என்ற சட்டம் முன்பே, 1944 ஜூன் 22-ல் கையெழுத்தாகியிருந்தது. (அந்தத் தேதியை நீ ஐந்தாவது படிக்கும்போதே ஒப்பிப்பாய், விருந்தாளி வந்தால் உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.) போருக்குப் போய் வந்தவன் கல்லூரியில் படிக்கச் சர்க்கார் பணம் கட்டியது. 22 லட்சம் பேர் அப்படிக் கல்லூரிக்குப் போனார்கள். முன்பணம் இல்லாமல் வீட்டுக் கடன் வாங்கவும் அரசு உத்தரவாதம் தந்தது.

வில்லியம் லெவிட் என்ற ஆள் அந்தக் கூட்டத்துக்கு வீடு கட்டினார். கட்டினார் என்பதைவிட வார்த்தார் என்று சொல்லலாம். தொழிற்சாலையில் கார் நகர்ந்துகொண்டே போகும், ஆள் நின்ற இடத்தில் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆள்கள் நகர்ந்தார்கள். மொத்தம் 27 வேலை. ஒரு கூட்டம் தரை போடும், அடுத்த கூட்டம் சட்டம் நிறுத்தும், வெள்ளைப் பெயின்ட் அடிப்பவன் காலையிலிருந்து ராத்திரி வரை வெள்ளை மட்டும் அடிப்பான். வேலை சூடுபிடித்தபோது ஒரே நாளில் 36 வீடு வரை முடித்தார்கள். விலை 7,990 டாலர். வீட்டோடு வாஷிங் மெஷின். 1950 மாடலில் மாடிப்படிக்கு அடியில் சுவருக்குள்ளேயே டிவி. அந்த வருஷம் அமெரிக்காவில் பத்தில் ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. பத்து வருஷத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு வந்துவிட்டது.

சொந்த வீடும் மனையும் இருக்கிறவன் கம்யூனிஸ்ட் ஆக மாட்டான், அவனுக்கு வேலை சரியாக இருக்கும் என்று லெவிட் 1948-ல் சொன்னார். பையன்கள் இதற்கு எப்போதும் சிரிப்பார்கள். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1950-ல் மெக்கார்த்தி என்ற செனட்டர் கையில் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் இருக்கிறது என்று கிளம்பிய பிறகு, யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அக்கம்பக்கத்தைப் போலவே நாமும் இருந்துவிட்டால் வம்பில்லை என்று ஒரு நாடே நினைத்த காலம் அது. புல்லை வாரம் ஒரு தடவை வெட்டு, வேலி போடாதே, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடாதே என்று லெவிட் விதி போட்டபோது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. உன் அம்மா உன் வீட்டுப் பின்புறம் நைலான் கயிறு கட்டிப் புடவை உலர்த்தியதற்கு நீ பதறினாயே, அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எழுபது வருஷமாகியும் அந்த விதி எங்கேயோ உயிரோடு இருக்கிறது பார் என்று. உன் பதற்றத்தை நான் பார்க்கவில்லை. விதியைத்தான் பார்த்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன். போன வருஷம் மே முதல் ஆகஸ்ட் வரை உன் வீட்டில் இருந்தோம். நான் உன்னைப் பார்க்க வந்தவன். ஆனால் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இருக்கும் பென்சில்வேனியா லெவிட்டவுன் இரண்டாவது. 1952-ல் முதல் குடும்பங்கள் வந்தன. பக்கத்திலேயே டெலவேர் ஆற்றங்கரையில் ஃபேர்லெஸ் எஃகு ஆலை. முடிந்தபோது 17,311 வீடு. பகுதிக்கு ஒரு பெயர், அந்தப் பகுதித் தெருக்களெல்லாம் அந்தப் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும். நேர் தெருவே கிடையாது, எல்லாம் வளைவு. நான் மூன்றாம் நாளே வழி தவறினேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வயதான அம்மாள் காரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டாரே. வழியெல்லாம் அவர் சொன்னதை உனக்குச் சொல்லவே இல்லை. 1953-ல் பதின்மூன்று வயதில் அந்த ஊருக்கு வந்தவராம், அப்பா எஃகு ஆலையில். மரம் என்று ஒன்றுகூட இல்லையாம், குச்சி குச்சியாக நட்டு வைத்திருந்தார்களாம், சேறு. எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும், அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாராம். அம்மா முதல் வாரம் முழுக்க அழுதாராம். ஏன் என்று கேட்டேன். தெரியாது, அவருக்கே தெரியாது, எல்லாம் புதுசு, எல்லாம் நன்றாக இருந்தது என்றார்.

1957-ஐப் பற்றிக் கேட்டேன். வாத்தியார் புத்தி. சாலையைப் பார்த்தபடியே, "நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்" என்றார். அதற்குப் பிறகு உன் வீடு வந்துவிட்டது.

1957 ஆகஸ்ட் 13. டீப்கிரீன் லேன். மாப்பிள்ளை காரில் கொண்டுவிடுகிறேன் என்றார், நான் நடந்தே போய்விட்டு வந்து காலில் கொப்பளம் காட்டினேனே, அந்தத் தெரு. வில்லியம் மயர்ஸ் கறுப்பினத்தவர், போரில் இருந்தவர், டிரெண்டனில் வேலை. மனைவி டெய்சி, மூன்று குழந்தைகள், கடைசி கைக்குழந்தை. லெவிட் கறுப்பர்களுக்கு விற்பதே இல்லை. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம் அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னவர். மயர்ஸ் குடும்பம் வாங்கியது இன்னொருவர் கையிலிருந்து. குடிவந்த அன்று ராத்திரியே கூட்டம் கூடியது. நூற்றுக்கணக்கில். கல் வந்தது, முன் ஜன்னல் உடைந்தது. மாநிலப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. பின் வீட்டை ஒரு கும்பல் எடுத்துக்கொண்டு, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடியை ஏற்றி, ராத்திரியெல்லாம் சத்தமாகப் பாட்டு வைத்தது. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் மயர்ஸ் பக்கம் நின்றது, அதற்காக அவர்கள் வீட்டுச் சுவரிலும் கும்பல் மிரட்டி எழுதியது. அடுத்த மாதம்தான் தெற்கே லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குள் போக ஜனாதிபதி ஐசனாவர் ராணுவத்தை அனுப்பினார். உலகம் அதைப் பேசியது. வடக்கே இருக்கிற புது ஊரில் நடந்ததை அவ்வளவு பேசவில்லை.

ஜி.ஐ. பில்லைப் புகழ்ந்துவிட்டு அடுத்த வகுப்பில் ஒரு கணக்கு போடுவேன். 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அந்தச் சட்டத்தில் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனது இரண்டு. இரண்டாயிரம் இல்லை, இரண்டு. கொட்டாவி விட்டவனும் நிமிர்ந்துவிடுவான். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் உன் பெரியப்பா வாடகைக்கு வந்த ஆளிடம் வாசலிலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சரி, அது வேறு கடிதம்.

நீ பத்தாவது படிக்கும்போது என் நோட்ஸை டைப்பிஸ்டுக்காக வாசித்துக் காட்டினாய். மயர்ஸ் வந்ததும் நிறுத்தி, "அப்பா, டெய்சி என்ன வேலை பார்த்தாங்க?" என்றாய். "வீட்டில்தான் இருந்தாங்க" என்றேன். "நாள் பூரா கல் எறிஞ்ச வீட்டுக்குள்ள யாரு இருந்தது? அவங்கதானே? அப்புறம் ஏன் நோட்ஸ்ல வில்லியம் பேர் மட்டும் இருக்கு?" என்றாய். சிலபஸில் இல்லை என்றேன். தப்பு பாப்பா. டெய்சி பட்டம் படித்தவர். பிறகு யார்க் நகரத்தில் பள்ளித் தலைமையாசிரியராகவே இருந்திருக்கிறார். எனக்கு அது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உனக்குக் கேள்வி கேட்கத் தெரியும். கல்லூரியில் மெடல் வாங்கியதைவிட எனக்கு அதுதான் பெருமை. சிறுசேரியில் பன்னிரண்டு பேருக்கு லீடராக இருந்தாய், ராத்திரி பதினொன்றுக்கு எவனோ போன் செய்தால் ஒரு வரியில் பதில் சொல்லி வைப்பாய். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

இரண்டாவது கார் என்றேன். அந்தக் காலத்து லெவிட்டவுனில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கார். காலையில் புருஷன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். 1956-ல் ஐசனாவர் 41,000 மைலுக்கு நெடுஞ்சாலை போடச் சட்டம் கொண்டுவந்தார், நூற்றுக்குத் தொண்ணூறு டாலர் மத்திய சர்க்கார் பணம். ஊர்கள் இன்னும் தள்ளித் தள்ளிப் போயின. நடந்துபோகக் கடை இல்லை, பஸ் இல்லை. வீட்டுக்குள் எல்லாம் இருந்தது. 1959-ல் துணை ஜனாதிபதி நிக்சன் மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருசேவுக்கு ஒரு மாதிரிச் சமையலறையைக் காட்டி, எங்கள் பெண்களின் வேலையைச் சுலபமாக்கத்தான் இதெல்லாம் என்றார். பெண்களைப் பற்றிய இந்த முதலாளித்துவ எண்ணம் எங்களிடம் இல்லை என்று குருசேவ் மடக்கினார். இரண்டு பேரும் ஆண்கள். சமையலறைக்குள் நின்று பேசிவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் போர்க்காலத்தில் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர்கள், விமானத்துக்கு ரிவெட் அடித்தவர்கள். 1945-ல் வேலையில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். போர் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பினார்கள். கல்யாண வயது இருபதுக்கு இறங்கியது. 1957-ல் மட்டும் 43 லட்சம் குழந்தைகள். அதே 1957-ல் பெட்டி ஃப்ரீடன் என்ற எழுத்தாளர் தன்னோடு கல்லூரியில் படித்த பெண்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாம் இருக்கிறது, ஆனாலும் என்னவோ செய்கிறது என்ற பதில்களைப் பார்த்து, 'பெயரில்லாத பிரச்சினை' என்று 1963-ல் எழுதினார். அதற்குள் மருத்துவர்கள் அதற்கு மாத்திரை எழுத ஆரம்பித்திருந்தார்கள். 1955-ல் வந்த மில்டவுன் என்ற மன அமைதி மாத்திரை மிட்டாய் மாதிரி விற்றது.

ஆனால் ஒன்று. இதையும் வகுப்பில் சொல்வேன். பத்திரிகைப் படத்தில்தான் எல்லாரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். கணக்கைப் பார்த்தால் 1940-ல் வேலைக்குப் போன கல்யாணமான பெண்களின் விகிதம் 1960-ல் இரண்டு மடங்கு. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு, கடன் தவணைக்கு, இரண்டாவது காருக்கு என்று சத்தமில்லாமல் போனார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது ஆண் பெண் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்பதும் அதில் ஏறியது. சட்டம் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் கல்யாணம் ஆன விமானப் பணிப்பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உன் விஷயம் வேறு, தெரியும். அவர்களைப் பத்திரிகையும் டாக்டரும் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உன்னை எச்-4 உட்காரச் சொல்கிறது, புருஷன் வேலை விசாவோடு ஒட்டி வரும் அந்த விசா. மாப்பிள்ளையின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் உனக்கு வேலை அனுமதி. மாப்பிள்ளை நல்லவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரன் பார்த்தவன் நான். "அங்க போனா வேலை பார்க்க முடியாதுப்பா, விசாரிச்சீங்களா?" என்று நீ கேட்டபோது, "அதெல்லாம் போனா தானா கிடைக்கும்" என்றவனும் நான்தான். விசாரிக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாத 1952-ஆம் வருஷத்துத் தபால் விதி என்றால் தேடிப் பார்த்திருப்பேன்.

இப்போது கேட்கிறேன். போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. நீ இந்தியக் கடைக்குப் போய்விட்டு வந்தாய். நான் அடுக்களை ஜன்னலில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது, எஞ்சின் நின்றது, நீ இறங்கவில்லை. போன் பேசுகிறாய் என்று நினைத்தேன். கையில் போன் இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். பின் சீட்டில் கறிவேப்பிலைப் பை. வெயில் கண்ணாடியில் பட்டு உன் முகம் பாதிதான் தெரிந்தது. இருபது நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அப்புறம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, "அப்பா, முருங்கைக்காய் கிடைச்சுது" என்றாய். நான் "விலை என்ன?" என்று கேட்டேன்.

இதைக் கேட்கத்தான் ஒன்றரை வருஷம். இதற்குத்தான் மூன்று பக்கம் உருளைக்கிழங்கு வயல்.

உன் அம்மாவும் அதைப் பார்த்தாள். பின்னால் வந்து நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது, "அவகிட்ட எதுவும் கேக்காதீங்க, உங்களுக்குக் கேக்கத் தெரியாது" என்றாள்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. உன்னிடம் இதைச் சொன்னதில்லை, உன் அண்ணனிடமும் இல்லை. 1988. உன் அண்ணனுக்கு இரண்டு வயது, உன் அப்பத்தா படுக்கையில். அம்மா பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷமாகியிருந்தது. இன்டர்வியூவுக்குப் போய் வந்தாள். அப்போது நாம் வீடு மாறிக்கொண்டிருந்ததால் என் கல்லூரி முகவரியைக் கொடுத்திருந்தாள். பழுப்பு உறையில் ஆணை வந்தது. பட்டதாரி ஆசிரியர், கணக்கு, பரமக்குடியில். பதினைந்து நாளில் சேர வேண்டும். நான் அதைப் பிரித்துப் படித்தேன். மேசை டிராயரில் வைத்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா தினமும் கேட்பாள், "எதாச்சும் வந்துச்சா?" என்று. பதினாறாம் நாள், "லிஸ்ட்ல வரலை போலிருக்கு" என்றேன்.

தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பத்தாவை யார் பார்ப்பது, பையனை யார் பார்ப்பது. அதெல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்மை. அவள் சம்பாதிக்க ஆரம்பித்தால் வீட்டில் என் குரல் இறங்கிவிடும் என்று பயம். அந்த வாரம் என்ன பாடம் நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை. வெல்டிங் செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிய பாடமாக இருந்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருக்கும். ஞாபகம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து என் நோட்ஸ் கட்டுக்குள் கரையான் ஏறிவிட்டது. அம்மாதான் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி உதறினாள். ஆணை அதற்குள் இருந்தது. அவள் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த மாதம் ரேஷன் கடையில் வரிசையில் நின்று கார்டை உறையிலிருந்து எடுக்கிறேன், கூடவே நாலாக மடித்த காகிதம் ஒன்று விழுகிறது. பின்னால் நின்றவர் எடுத்துக் கொடுத்து, "சார், ஏதோ ஆர்டர் விழுந்துருச்சு" என்றார். பாமாயில் வாங்கிக்கொண்டு வந்தேன். காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஸ்மார்ட் கார்டு வந்த பிறகும் அம்மா அந்த உறையை மாற்றவில்லை. முப்பத்தைந்து வருஷமாக மாதம் ஒரு தடவை அதைத் தொடுகிறேன்.

நீ பிறந்தது அதற்கடுத்த வருஷம். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாளே, காசு வாங்காமல், அது எதனால் என்று நீ ஒருமுறை கேட்டாய். உனக்குக் கணக்கு அம்மா வழி. அதை மட்டும்தான் சொன்னேன்.

பாப்பா, வேலை அனுமதி எப்போது வரும் என்று வக்கீலிடம் நீயே பேசு, மாப்பிள்ளை மூலமாகக் கேட்காதே. அதற்குள் படிக்க முடியுமென்றால் படி, அதற்கு எச்-4 குறுக்கே நிற்காது என்று தெரிந்துகொண்டேன். இந்தத் தடவை விசாரித்தேன். பணம் போதவில்லை என்றால் கார் வேண்டாம், படிப்புக்கு எடுத்துக்கொள். இல்லை, காரும் வேண்டும். ஒரு கார் போதாது. தை முடிவதற்குள் எஃப்.டி. வந்துவிடும். ஒன்றுமே செய்யத் தோன்றவில்லை, ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், முன்னால் சொல்லிவிட்டுப் போட வேண்டாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் இருக்கிறேன்.

செல்வியின் கொழுந்தன் மகன் அடுத்த வாரம் நியூஜெர்சி வருகிறான். அவனிடம் இட்லிப் பொடி, நார்த்தங்காய், குட்டிக்கு இரண்டு சட்டை கொடுத்தனுப்புகிறோம். இந்தக் கடிதம் இட்லிப் பொடி டப்பாவுக்குள் பாலிதீன் கவரில் இருக்கும். மாப்பிள்ளை படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு. ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். நடுவில் கேஸ் சிலிண்டர்காரன் வந்தான், எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாள். பரமக்குடி இல்லையாம், முதுகுளத்தூராம். திருத்தச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.